பெட்டியும் கட்டணமும்: ஓர் உரிமைச் சீட்டின் வரலாறு

பழைய வீடுகளில் தகரப் பெட்டிகளைத் துழாவினால், நிலப் பத்திரங்களுக்கும் ஜாதகக் கட்டுகளுக்கும் இடையே சில சமயம் ஒரு சிறு புத்தகம் அகப்படும். அதன் பக்கங்களில் தபால் தலையைப் போன்ற வில்லைகள் ஒட்டப்பட்டு, அவற்றின் மீது தபால் நிலைய முத்திரை குத்தப்பட்டிருக்கும். இக்காலத்து இளைஞர்கள் அதைப் பார்த்தால் சேமிப்புக் கணக்குப் புத்தகம் என்றே எண்ணுவார்கள். உண்மையில் அது வானொலி லைசென்ஸ் புத்தகம். வீட்டில் ஒரு ரேடியோப் பெட்டி வைத்திருப்பதற்காக, ஆண்டுதோறும் தபால் நிலையத்துக்குச் சென்று 15 ரூபாய் செலுத்தி வந்த காலம் ஒன்று நம் நாட்டில் இருந்தது. செலுத்தத் தவறினால் அதிகாரி வந்து பெட்டியையே எடுத்துச் சென்றுவிடுவார் என்ற அச்சமும் அக்காலத்தில் இருந்தது.

நம் நாட்டில் அந்தக் காலம் 1980-களின் நடுவில் முடிவுற்றது. ஆனால் எல்லா நாடுகளிலும் அது முடிந்துவிடவில்லை. பிரிட்டனில் தொலைக்காட்சி உரிமைச் சீட்டு இன்றும் உண்டு. 2025 ஏப்ரல் மாதத்தில் அதற்குரிய ஆண்டுக் கட்டணம் 174 பவுன் 50 பென்ஸாக உயர்த்தப்பட்டது. தொலைக்காட்சிப் பெட்டியே இல்லாமல், மேஜை மீதுள்ள கணிப்பொறியில் நேரடி நிகழ்ச்சியைப் பார்ப்பவரும் அந்தச் சீட்டைப் பெற்றிருக்க வேண்டும். இக்கட்டணம் எவ்வாறு தோன்றியது, ரேடியோப் பெட்டியிலிருந்து கணிப்பொறிக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது, நாம் ஏன் அதைக் கைவிட்டோம் என்பவற்றை வரிசையாகப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில், இதன் அடியில் இருக்கும் கேள்வி பெட்டியைப் பற்றியதன்று. மக்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு குரல் வேண்டுமானால், அதற்குப் பொருள் கொடுப்பது யார் என்பதே அக்கேள்வி.

தொடக்கத்தில் உரிமைச் சீட்டுக்கும் நிகழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை. 1904-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தை இயற்றியபோது, வானொலி நிகழ்ச்சி என்ற ஒன்றை எவரும் கேட்டதில்லை. கப்பல்களும் கரையும் பேசிக்கொள்வதற்குரிய சாதனமாகவே அது இருந்தது. கண்ணுக்குத் தெரியாத வழியில் செய்தி பரவக்கூடிய ஒரு கருவி, அரசாங்கத்தின் அனுமதியின்றி எவர் கையிலும் இருத்தலாகாது என்பதே அச்சட்டத்தின் நோக்கம். அந்த அனுமதியை வழங்கும் பொறுப்பு தபால் துறைத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆக, உரிமைச் சீட்டு பிறந்தது கலைக்காக அன்று, காவலுக்காக.

1922 அக்டோபரில், ரேடியோப் பெட்டிகளைத் தயாரித்த கம்பெனிகள் ஒன்றுகூடி பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கம்பெனியை அமைத்தன. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் தேதி லண்டனிலிருந்து அன்றாட ஒலிபரப்பு தொடங்கியது. இப்போது ஒரு புதிய சிக்கல் எழுந்தது. நாடகக் கொட்டகையானால் வாயிலில் சீட்டு வாங்காதவரை உள்ளே விடாமல் நிறுத்தலாம். செய்தித்தாளானால் காசு கொடுத்தவருக்கே கிடைக்கும். காற்றில் பரவும் பாட்டுக்கு வாயில் ஏது? அதைக் கேட்பவர் இன்னார் என்று எவ்வாறு அறிவது? இதற்கு விடையாகத்தான், காவலுக்கென்று பிறந்த பழைய உரிமைச் சீட்டைக் கையில் எடுத்தார்கள். பாட்டுக்கு விலை வைக்க இயலாது. ஆகவே பாட்டைக் கேட்கும் பெட்டிக்கு விலை வைத்தார்கள். ஆண்டுக்கு 10 ஷில்லிங் கட்டணம் வகுத்து, அதில் ஒரு பகுதியை ஒலிபரப்புக் கம்பெனிக்குக் கொடுப்பதென்று ஏற்பாடாயிற்று.

ஆனால், பெட்டி என்பது என்ன என்ற வழக்கு அன்றே தொடங்கிவிட்டது. அக்காலத்தில் சிறு படிகம் ஒன்றும், சுற்றிய கம்பியும், காதில் வைக்கும் கருவியும் இருந்தால், கைத்திறமுள்ள எவரும் வீட்டிலேயே ரேடியோ செய்துகொள்ள முடிந்தது. இவ்வாறு செய்தவர்கள், தாங்கள் கேட்பவர்கள் அல்லர், பரிசோதனை செய்பவர்கள் என்று சொல்லி, அதற்குரிய தனி உரிமைச் சீட்டைக் கேட்டார்கள். எந்தச் சீட்டும் வாங்காமல் இருந்தவர்களும் பலர். இதை ஆராய 1923-இல் சைக்ஸ் குழு அமைக்கப்பட்டது. வீட்டில் பெட்டி செய்துகொள்வோருக்கென்று 15 ஷில்லிங் சீட்டு ஒன்றும் அவ்வாண்டில் வந்தது. விரைவிலேயே அந்த வேற்றுமைகள் எல்லாம் நீங்கி, அனைவருக்கும் 10 ஷில்லிங் என்ற ஒரே கட்டணம் நிலைபெற்றது. கடையில் வாங்கிய பெட்டியானாலும், கையால் செய்த பெட்டியானாலும், கேட்பது ஒன்றுதான் என்ற முடிவுக்கு அரசாங்கம் வந்தது. இந்தச் சிறு நிகழ்ச்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு கணிப்பொறியின் வடிவில் இதே வழக்கு மீண்டும் வந்தது.

1927 ஜனவரி முதல் நாள் அந்தக் கம்பெனி மறைந்து, அரச சாசனத்தின் கீழ் பி.பி.சி. என்னும் பொதுக் கழகம் உருவாயிற்று. அதன் முதல் தலைமை இயக்குநரான ஜான் ரீத் ஒரு கொள்கையில் உறுதியாக இருந்தார். ஒலிபரப்பு என்பது அறிவூட்டுவதும், கல்வி தருவதும், மகிழ்விப்பதும் ஆகிய மூன்றையும் செய்யவேண்டிய பொதுப் பணி என்பது அவர் கருத்து. விளம்பரத்தால் நடத்தினால், வாங்கும் சக்தியுள்ளவர் விரும்புவதே நிகழ்ச்சியாகிவிடும். அரசாங்கக் கஜானாவிலிருந்து நடத்தினால், அமைச்சர்கள் விரும்புவதே நிகழ்ச்சியாகிவிடும். கேட்பவர் ஒவ்வொருவரும் சிறு தொகை கொடுத்தால், கழகம் எந்த ஒருவருக்கும் தனியே கடமைப்படாமல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். உரிமைச் சீட்டுக்குப் பின்னாளில் சொல்லப்பட்ட நியாயங்கள் அனைத்தும் இந்த ஒரு நியாயத்தின் விரிவே.

இனி நம் நாட்டின் பக்கம் திரும்புவோம். சென்னையில் 1924-ஆம் ஆண்டிலேயே ரேடியோ கிளப் ஒன்று தோன்றி ஒலிபரப்பு நடத்தியது. பணமில்லாமல் 1927-இல் அது நின்றது. பின்னர் 1930-இல் சென்னை நகரசபை அப்பணியை ஏற்று நடத்தியது. 1927 ஜூலையில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி பம்பாயிலும், ஆகஸ்டில் கல்கத்தாவிலும் நிலையங்களைத் தொடங்கியது. பிரிட்டனைப் பின்பற்றி இங்கும் ரேடியோப் பெட்டிக்கு உரிமைச் சீட்டு. ஆண்டுக் கட்டணம் 10 ரூபாய். அதில் 8 ரூபாய் கம்பெனிக்கு. ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெட்டி வாங்கும் வசதியுள்ளவர்கள் நாட்டில் மிகச் சிலர். அக்கம்பெனி நடந்த காலம் முழுவதிலும் உரிமைச் சீட்டுகளின் எண்ணிக்கை 8,000-ஐ எட்டவில்லை. 1930 மார்ச் மாதத்தில் கம்பெனி மூடப்பட்டது. கேட்பவர் கொடுக்கும் பணத்தில் நடப்பது என்னும் முறை, கேட்பவர் பலர் இருக்கும் நாட்டில்தான் நடக்கும் என்ற பாடத்தை இந்தியா அப்போதே கற்றுக்கொண்டது.

அவ்வாண்டு ஏப்ரலில் அரசாங்கமே அந்த நிலையங்களை ஏற்றது. 1931 அக்டோபரில், செலவு தாளவில்லை என்று அவற்றை மூடிவிட ஆணையிட்டது. பொதுமக்களின் எதிர்ப்பைக் கண்டு அந்த ஆணை கைவிடப்பட்டது. இறக்குமதியாகும் பெட்டிகளின் மீது தீர்வை உயர்த்தப்பட்டு, பணி தொடர்ந்தது. 1932 டிசம்பரில் பி.பி.சி. கடல் கடந்த நாடுகளுக்கு ஒலிபரப்பத் தொடங்கியதும், இந்தியாவில் பெட்டிகளும் உரிமைச் சீட்டுகளும் பெருகின. 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், சீட்டின்றிப் பெட்டி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1936 ஜூன் 8-ஆம் தேதி அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. 1938 ஜூனில் சென்னை நிலையமும், 1939 மே மாதத்தில் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப்பட்டன. சுதந்திரம் வந்தபோது இந்தியாவுக்குக் கிடைத்த நிலையங்கள் ஆறு; அவற்றுள் இரண்டு தமிழ் வழங்கும் நிலத்தில் இருந்தன. கேட்பவர் தொகையை மட்டும் கணக்கிட்டிருந்தால் இவை தோன்றியிரா. பற்றாக்குறையைப் பொதுப் பணம் ஈடு செய்தது.

பிரிட்டனில் இதற்கிடையே ஒலியோடு உருவமும் காற்றில் வரத் தொடங்கியது. 1936 நவம்பர் 2-ஆம் தேதி லண்டனில் அலெக்ஸாண்டிரா மாளிகையிலிருந்து தொலைக்காட்சி தொடங்கியது. 1939 செப்டம்பரில் போரை முன்னிட்டு நிறுத்தப்பட்டது. 1946 ஜூனில் மீண்டும் வந்தது. அப்போதுதான் தொலைக்காட்சிக்கும் வானொலிக்கும் சேர்த்து 2 பவுன் என்று புதிய உரிமைச் சீட்டு வகுக்கப்பட்டது. 1947-இல் அத்தகைய சீட்டுகள் 14,560 மட்டுமே. எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா நடந்த 1953-இல் அவை சுமார் 21 லட்சமாயின. ஆறே ஆண்டுகளில் செல்வர் வீட்டு வேடிக்கையாக இருந்தது தெருவெல்லாம் பரவிவிட்டது.

பெட்டிகள் பெருகியபோது, சீட்டு வாங்காதவர்களும் பெருகினர். 1952-இல் தபால் துறை ஒரு விந்தையான மோட்டார் வண்டியைத் தெருவில் விட்டது. அக்காலத்துத் தொலைக்காட்சிப் பெட்டி அலைகளை வாங்குவதோடு நில்லாமல், தன்னுள்ளே நடக்கும் மின்னியக்கத்தால் மெல்லிய அலைகளை வெளியேயும் கசியவிட்டது. அந்தக் கசிவைப் பிடித்து, எந்த வீட்டில் பெட்டி ஓடுகிறது என்று கண்டறிவதே அவ்வண்டியின் வேலை. வண்டி பிடித்தவர்களைக் காட்டிலும், வண்டி வருகிறது என்ற அச்சத்தால் தபால் நிலையத்துக்கு ஓடியவர்களே மிகுதி என்பார்கள். 1968-இல் வண்ணத் தொலைக்காட்சிக்கு 5 பவுன் கூடுதல் கட்டணம் சேர்ந்தது. 1971 பிப்ரவரியில் வானொலிக்கு மட்டுமுரிய சீட்டு நீக்கப்பட்டது. சட்டைப் பையில் அடங்கும் டிரான்சிஸ்டரை வீடு வீடாகத் தேடிப் பிடிப்பது இயலாத செயலாகிவிட்டது என்பதை எவரும் உணரலாம்.

நம் நாட்டிலும் இதே உண்மை புலப்பட்டது. டில்லியில் 1959 செப்டம்பர் 15-ஆம் தேதி சோதனையாகத் தொலைக்காட்சி தொடங்கியது. 1972-இல் பம்பாயிலும், 1975 ஆகஸ்ட் 15-ஆம் தேதி சென்னையிலும் நிலையங்கள் வந்தன. வானொலிக்கு 15 ரூபாய், தொலைக்காட்சிக்கு 50 ரூபாய் என்று தபால் நிலையங்களில் கட்டணம் வாங்கப்பட்டு வந்தது. ஆனால் டிரான்சிஸ்டர் வயல் வரப்புக்கும் மாட்டு வண்டிக்கும் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, அதற்கெல்லாம் கணக்கு வைப்பது யார்? மற்றொரு பக்கம், 1967 முதல் வானொலியில் வர்த்தக விளம்பரங்கள் இடம்பெற்று வருமானமும் தந்தன. 1980-களின் நடுவில் உரிமைச் சீட்டு முறையை இந்திய அரசாங்கம் கைவிட்டது. அதன்பின் ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் அரசாங்க மானியத்தாலும் விளம்பர வருமானத்தாலுமே நடந்து வருகின்றன. 1997 முதல் அவ்விரண்டும் பிரசார் பாரதி என்னும் கழகத்தின் கீழ் இருக்கின்றன.

இவ்வாறு நாம் வெளியேறிவிட்ட வழக்கில்தான், பின்னர் கணிப்பொறி நுழைந்தது. முதலில் அது அவ்வளவு சிக்கலாக இல்லை. கணிப்பொறிக்குள் ஒரு சிறு அட்டையைச் செருகி, மாடியிலிருந்து வரும் ஆன்டென்னாக் கம்பியை அதில் இணைத்தால், திரையில் தொலைக்காட்சி தெரியும். அலையை வாங்கும் பகுதி உள்ளே இருப்பதால், அதுவும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியே என்று சொல்வது எளிதாக இருந்தது. இணையத்தின் வழியே நிகழ்ச்சிகள் வரத் தொடங்கியபோதுதான் பழைய சொற்கள் தடுமாறின. இப்போது அட்டையும் இல்லை, ஆன்டென்னாவும் இல்லை. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் வாங்கிய அதே கணிப்பொறி, ஒரு விசையைத் தொட்டதும் தொலைக்காட்சியாகிவிடுகிறது. மற்றொரு விசையைத் தொட்டதும் மீண்டும் கணக்குப் பலகையாகிவிடுகிறது. இதைச் சட்டம் எந்தப் பெயரால் அழைப்பது?

சட்டங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுவரும் பணியில் இருப்போர்க்கு இத்தகைய இடங்கள் பழக்கமானவை. ஒரு சொல்லை அது செய்யப்பட்ட நோக்கத்தைக் கொண்டு பொருள் கொள்வதா, அது பயன்படும் விதத்தைக் கொண்டு பொருள் கொள்வதா என்பதே கேள்வி. அரிவாள் நெல்லறுக்கச் செய்யப்பட்டது. அதைக் கொண்டு ஒருவன் மற்றொருவனை வெட்டினால் அது ஆயுதம் ஆகிவிடுகிறது. கணிப்பொறி விஷயத்தில் ஐரோப்பிய நாடுகள் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடை சொன்னது கவனிக்கத்தக்கது.

பிரிட்டன் பயன்பாட்டைக் கொண்டது. 2003-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டத்தை ஒட்டி 2004-இல் வந்த விதிகள், தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பெறுவதற்காக வைக்கப்பட்ட அல்லது பயன்படுத்தப்பட்ட எந்தச் சாதனமும், வேறு எதற்குப் பயன்பட்டாலும், தொலைக்காட்சி ஏற்புக் கருவியே என்று வகுத்தன. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மக்கள் அனைவரும் காணும் அதே நேரத்தில், அல்லது ஏறக்குறைய அதே நேரத்தில், நிகழ்ச்சியைப் பெற வேண்டும். நேற்று முடிந்த நாடகத்தை இன்று கணிப்பொறியில் பார்த்தால் கட்டணம் இல்லை; இப்போது நடக்கும் பந்தயத்தை இப்போதே பார்த்தால் கட்டணம் உண்டு. கணிப்பொறியை வைத்திருப்பது மட்டுமே குற்றமாகாது. அதில் பார்ப்பதே கட்டணத்துக்குரியது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். ஒவ்வொரு கணிப்பொறிக்கும் தனித்தனியே பணம் கட்டவேண்டும் என்பதில்லை. சீட்டு முகவரிக்கு உரியது. ஒரு குடும்பம் ஒரு சீட்டு வைத்திருந்தால், அவ்வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் அது செல்லும். சிக்கல் வந்தது தனியாக வாழ்பவர்களுக்கே. வெளியூர் விடுதி அறையில் தங்கிப் படிக்கும் மாணவனிடம் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. மடிக் கணிப்பொறி மட்டும் இருக்கிறது. பெற்றோர் வீட்டில் சீட்டு இருந்தால், உள்ளிருக்கும் மின்கலத்தின் பலத்திலேயே கணிப்பொறி ஓடும்வரை அச்சீட்டு அவனுக்கும் பொருந்தும். சுவரிலுள்ள மின் இணைப்பில் அதைச் செருகி, நேரடி நிகழ்ச்சியைப் பார்த்தால், அந்த அறைக்கென்று தனிச் சீட்டு வேண்டும். அதே மாணவன், அதே கணிப்பொறி, அதே நிகழ்ச்சி. ஒரு கம்பியைச் செருகியதில் சட்டத்தின் நிலை மாறிவிடுகிறது. பெட்டிக்கென்று எழுதிய சட்டத்தைப் பெட்டியில்லாத காலத்துக்கு இழுத்துக் கட்டும்போது இத்தகைய முடிச்சுகள் விழுவது இயல்பே.

கண்டுபிடிக்கும் வழிகளும் தளர்ந்தன. தொலைக்காட்சிப் பெட்டி விற்கும் கடைக்காரர், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் தெரிவிக்க வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. எல்லாக் கருவிகளிலும் தொலைக்காட்சி தெரியும் காலத்தில் அதற்குப் பொருளில்லை என்று 2013-இல் அவ்விதி நீக்கப்பட்டது. இப்போது முக்கியமான கருவி முகவரிப் பட்டியலே. பட்டியலில் சீட்டு இல்லாத வீட்டுக்குக் கடிதம் போகும். பிறகு அதிகாரி கதவைத் தட்டுவார். சீட்டின்றிப் பார்த்தது நிரூபணமானால் 1,000 பவுன் வரை அபராதம் விதிக்கலாம். பகலில் கதவு தட்டப்படும்போது வீட்டில் இருப்பவர் யார்? 2017-இல் இக்குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். எல்லோருக்கும் சமமாக வகுத்த கட்டணத்தின் சுமை, வீட்டில் இருப்போர் மீதும், எளியோர் மீதும் மிகுதியாக விழுந்தது என்ற குறை அங்கே பலமாக எழுந்தது.

2016 செப்டம்பர் முதல் நாள் பிரிட்டன் மற்றோர் அடி எடுத்து வைத்தது. பி.பி.சி. தன் நிகழ்ச்சிகளை இணையத்தில் அளிக்கும் ஐபிளேயர் என்னும் சேவையில், முன்பு முடிந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கவும் சீட்டு வேண்டும் என்று விதி மாறியது. ஆக, அதே நேரத்தில் பார்ப்பது என்ற பழைய எல்லையும் ஒரு பக்கம் தகர்ந்தது. மற்ற நிறுவனங்கள் சந்தா பெற்று அளிக்கும் பழைய படங்களை மட்டும் பார்ப்பவருக்கு இன்றும் சீட்டு வேண்டியதில்லை.

ஜெர்மனி வேறு வழியில் சென்றது. பயன்பாட்டைக் கேட்காமல், பெறுவதற்கு ஆயத்தமாக ஒரு கருவியை வைத்திருந்தாலே கட்டணம் என்பது அந்நாட்டுப் பழைய விதி. 2007 ஜனவரி முதல், இணையத்தில் இணைக்கக்கூடிய கணிப்பொறிக்கும், வேறு பெட்டி இல்லாதவரிடம் மாதம் 5 யூரோ 52 சென்ட் வாங்கத் தொடங்கினார்கள். அலுவல் வேலைக்கே கணிப்பொறி வைத்திருந்த வழக்கறிஞர்களும், ஒரு மாணவரும் வழக்குத் தொடுத்தார்கள். 2010 அக்டோபரில் அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் கட்டணம் செல்லும் என்றது. எனினும், கருவிகளை எண்ணிக்கொண்டிருப்பது இனி ஆகாது என்று அரசாங்கமே உணர்ந்தது. 2013 ஜனவரி முதல், வீட்டுக்கு ஒரு பங்களிப்பு என்று விதித்தது. வீட்டில் பெட்டி உண்டா, இல்லையா என்று எவரும் கேட்பதில்லை. வீடு இருந்தால் போதும்.

சுவீடனில் நீதிமன்றம் நேர் எதிராகச் சொல்லிற்று. அங்கும் 2013-இல் இணையக் கணிப்பொறிக்குக் கட்டணம் கேட்டார்கள். தொலைக்காட்சியைப் பெறுவதற்கென்று செய்யப்பட்ட கருவிக்கே சட்டம் கட்டணம் விதிக்கிறது. கணிப்பொறி அதற்கென்று செய்யப்பட்டதன்று என்று 2014 ஜூனில் உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரிவாள் நெல்லறுக்கவே செய்யப்பட்டது என்னும் கட்சி அங்கே வென்றது. ஆனால் அத்தீர்ப்பால் கட்டணம் ஒழியவில்லை. 2019 ஜனவரி முதல் பெட்டியையும் வீட்டையும் விட்டு, வருமானத்தைக் கணக்கிட்டு, ஓர் உச்ச வரம்புக்குள் வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள்.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ஒரு நாடு கருவியின் பொருளை விரித்தது. ஒரு நாடு வீட்டைப் பிடித்தது. ஒரு நாடு வருமானத்தைப் பிடித்தது. நம் நாடு கட்டணத்தையே விட்டு, பொதுக் கஜானாவையும் விளம்பரத்தையும் நம்பியது. பெட்டி போய்விட்டது, ஆனால் செலவு போகவில்லை. எந்த முறையிலும் பணம் கொடுப்பவர் மக்களே. நேரே கொடுக்கிறோமா, வரியின் வழியாகக் கொடுக்கிறோமா, விளம்பரம் செய்யும் சோப்பின் விலையில் கொடுக்கிறோமா என்பதே வேற்றுமை.

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. லண்டனிலிருந்து 1941 மே மாதம் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பை, தமிழோசை என்ற பெயரால் நம்மில் பலர் அறிவோம். நெடுங்காலம் அதன் செலவைப் பிரிட்டிஷ் அரசாங்கம் கொடுத்து வந்தது. 2014 ஏப்ரலில் உலக ஒலிபரப்பின் செலவு பெரும்பாலும் உரிமைச் சீட்டு வருமானத்துக்கு மாற்றப்பட்டது. தமிழில் ஒரு சொல்லும் அறியாத பிரிட்டிஷ் குடும்பங்கள் செலுத்திய கட்டணத்தால், அதன்பின் மூன்றாண்டுகள் தமிழ் காற்றில் ஒலித்தது. 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியுடன் அந்த வானொலி ஒலிபரப்பு முடிந்து, பணி இணையத்துக்கு மாறியது.

நம் நாட்டிலும் அவ்வாறே. டில்லியிலிருந்து தமிழில் செய்தி வாசித்த சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலைக் கேட்காத தமிழ்க் குடும்பம் அரிது. 2022-இல் அவர் மறைந்தபோது, ஊரை விட்டு வந்தவர்கள் பலரும் தம் வீட்டுப் பெரியவர் ஒருவரை இழந்தாற்போல் வருந்தினார்கள். தலைநகரிலிருந்து தமிழில் செய்தி சொல்வது லாபம் தரும் வியாபாரமா என்று கணக்குப் பார்த்திருந்தால், அந்தக் குரல் நமக்குக் கிடைத்திராது. ஒரியாவும் அஸ்ஸாமியும் பேசும் கோடிக்கணக்கான மக்களின் பணமும், அவர்கள் மொழிக்கு நாம் கொடுத்த பணமும், ஒன்றுக்கொன்று துணையாக நின்றதால் கிடைத்தது அது. சிறு தொகையினர் பேசும் மொழிக்கும் காற்றில் இடம் உண்டு என்பதே பொதுப் பணத்தின் பயன்.

இன்று புனாவிலோ கல்கத்தாவிலோ இருந்துகொண்டு, கணிப்பொறியிலும் கைபேசியிலும் சென்னை வானொலியைக் கேட்கிறோம். சீட்டு எங்கே என்று கேட்க எவரும் கதவைத் தட்டுவதில்லை. இது நல்லதே. ஆனால் ஒரு குறையும் இதில் உண்டு. முத்திரை குத்திய புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவர், இந்த நிலையம் என் 15 ரூபாயிலும் நடக்கிறது என்ற நினைப்போடு கேட்டார். பிடிக்காவிட்டால் நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதினார். பணம் கொடுப்பதே கண்ணுக்குத் தெரியாமல் போனால், கேட்கும் உரிமையும் மெல்ல மறந்துபோகும். பிரிட்டனில் இப்போதைய அரச சாசனம் 2027 முடிவில் காலாவதியாகிறது. அதன் பிறகு உரிமைச் சீட்டு நிற்குமா, மாறுமா என்று அந்நாட்டார் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த வாதமே ஒரு நன்மை என்று கருதலாம். தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பதை அங்குள்ளவர்கள் மறக்காமல் இருக்கிறார்கள்.

நமக்கு அந்தச் சீட்டு திரும்பி வர வேண்டியதில்லை. ஆனால், பொது ஒலிபரப்பு எவருடைய தருமமும் அன்று, அது நம் பணத்தில் நடக்கும் நம் பணி என்ற நினைவு திரும்பி வர வேண்டும். பழைய தகரப் பெட்டியில் அந்தச் சிறு புத்தகம் அகப்பட்டால், அதைக் காகிதக் கடையில் போட்டுவிடாமல் பிள்ளைகளிடம் காட்டுங்கள். இந்த வீடும் வானொலியின் சொந்தக்காரர்களுள் ஒன்று என்பதற்கு அது சாட்சி.